இயோலி என்றே இருக்கட்டும்

அன்பு மகளே,

ஞானஸ்நானத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. குழந்தைக்கு உன் அக்கா எர்ஸியின் பெயரையே வைப்பதாக நீ போனில் சொன்னதிலிருந்து அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். "பதினோரு வருஷம் கழிச்சு என் பொண்ணு திரும்பி வர்றா" என்று பேக்கரியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். இறந்தவர்களின் பெயரை வைப்பது நம் தீவின் வழக்கம். அதைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் நான் பாடம் நடத்திய முப்பது வருஷத்தில் ஸ்டமாதிஸ் என்றொரு பையன் என் வகுப்பில் இருந்தான். அவன் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன அண்ணனின் பெயரைத்தான் அவனுக்கும் வைத்திருந்தார்கள். ஒருநாள் கல்லறைத் தோட்டத்தில் தன் முழுப்பெயரையும் கல்லில் படித்துவிட்டு வந்து கேட்டான்: "சார், எங்கம்மா கூப்பிடுறப்ப எங்க ரெண்டு பேர்ல யாரைக் கூப்பிடுறாங்க?"



நீயும் மாப்பிள்ளையும் முதலில் ஆசைப்பட்டது இயோலி என்ற பெயரை. நம் ஊரில் உயிரோடு இருப்பவர்களிலும் சரி, போனவர்களிலும் சரி, யாருக்கும் இல்லாத பெயர். அம்மா அழுததால்தான் மாற்றினாய். எனக்குத் தெரியும்.

நேற்று பாத்திரம் கழுவும்போது அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"யாரைக் கூப்பிடுறீங்க?" என்றாள் அம்மா.

"பேத்தியை."

"அவ பேரு அது இல்ல."

நான் கடைசித் தட்டையும் துடைத்து வைத்த பிறகு அவளே பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. எனக்கு வாயில வரமாட்டேங்குது."

உன் அப்பா