கேட்டு வாங்கிய நெஞ்செரிச்சல்

ராஜபாளையம்
9.6.1996

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மாவும் தம்பி ஹுமாயூனும் சுகம். எனக்கு அரைச் சுகம். கடையில் கல்யாணச் சீசன் என்று கேள்விப்பட்டேன். பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற சத்தத்தில் என் நினைவு வர உங்களுக்கு நேரமிருக்காது.

நான் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டதாக உங்கள் தங்கை நூர்னிசா எல்லோரிடமும் சொல்கிறாளாம். சொல்லட்டும், உண்மைதானே. அவள் மகள் நிக்காஹ் விருந்தில், "இன்னும் ஒரு கரண்டி மதினி, எனக்காவ" என்று பிரியாணியை அள்ளி வைத்தாள். தட்ட முடியாமல் தின்றேன். கை கழுவும் இடம் போய்ச் சேருமுன் வாந்தி எடுத்துவிட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை. வயிற்றைச் சின்னதாக்கிக்கொண்டவளுக்கு அவசரமாகத் தின்றால் அப்படித்தான் ஆகும்.

ஆனால் அத்தனை சனத்துக்கு நடுவில், "விடுங்க, அது கேட்டு வாங்குன சீக்கு" என்றீர்களே, அதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அசீனா

ஸ்ரீவில்லிபுத்தூர்
15.6.1996

அசீனாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. கேஸ் தீர்ந்துவிட்டது, புத்தகத்தை எங்கே வைத்தாய் என்று தெரியவில்லை. மூன்று நாளாக ஓட்டல் இட்லி.

நான் சொன்னதில் என்ன தப்பு? போன வருஷம் சிங்கப்பூரில் உன் அண்ணன் பீர் மைதீன் வீட்டில் தங்கிவிட்டு வருகிறேன் என்று போனாய். உடம்பு இளைக்க இரைப்பையில் காகிதத்துக்கு அடிக்கிற மாதிரி ஸ்டேப்ளர் பின் அடித்துச் சின்னதாக்குகிறார்கள், செய்துகொள்ளப் போகிறேன் என்று அங்கிருந்து எழுதினாய். வேண்டாம் என்று நான் போட்ட பதில் வந்து சேர்வதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. திரும்பி வந்தவள் மாதாமாதம் கரைந்தாய். "பாய், வீட்டுல அவியளுக்கு என்ன சீக்கு?" என்று கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?

உனக்கு நெஞ்செரிச்சல் இருக்கிறது என்று விருந்தன்றைக்கு நீ நூர்னிசாவிடம் சொல்லி, அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டின புருஷன் பக்கத்தில் படுத்திருக்கிறேன், ஒரு வருஷமாக உனக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஏன் மறைத்தாய்?

பிச்சை முகம்மது

ராஜபாளையம்
20.6.1996

அன்புள்ள மச்சானுக்கு,

கேஸ் புத்தகம் அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது.

ஏன் மறைத்தேன் என்றால், "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்பீர்கள். அதைக் கேட்பதைவிட எரிச்சலே பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும். படுத்தாலும் வரும். காலையில் குரல் கட்டியிருக்கும், சளி என்று உங்களிடம் சொல்லுவேன். சமாளிக்கவும் பழகிவிட்டேன். கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுகிறேன். ஒரு வாய்ச் சோற்றைக் கூழாகிற வரைக்கும் மெல்லுகிறேன். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை. புளியும் காரமும் பொரித்ததும் விட்டாயிற்று. இங்கே ஹுமாயூன் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துக் கொடுத்திருக்கிறான். "ஏட்டி, இது கட்டிலா, சறுக்கு மரமா?" என்று அம்மா சிரிக்கிறார்கள். சில நாள் இதற்கெல்லாம் அடங்குகிறது, சில நாள் அடங்குவதில்லை.

ஆனால் ஒன்று மச்சான். நம் கடைப் படி ஏற முடியாமல் ரிக்‌ஷாவில் இருந்தபடியே உங்களைக் கூப்பிட்டவள் நான். வருஷக்கணக்காக நாற்காலியில் உட்கார்ந்து தொழுதவள். இன்றைக்கு என் நெற்றி தரையைத் தொடுகிறது. அப்போதும் எரியத்தான் செய்கிறது, எரிந்தால் எரியட்டும் என்று வைக்கிறேன். நாளைக்கே மறுபடி கேட்டாலும் அந்த ஆபரேஷனுக்குச் சரி என்றுதான் சொல்லுவேன். எரிகிறது என்று சொன்னால், ஏன்டா செய்தோம் என்று வருந்துவதாக அர்த்தமில்லை. இது புரிகிற ஆள் அந்த வீட்டில் இருந்தால் எழுதுங்கள், வருகிறேன்.

அசீனா

ஸ்ரீவில்லிபுத்தூர்
26.6.1996

அன்புள்ள அசீனாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதவென்று கடையில் உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

மதுரையில் ஒரு டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கிறாராம். செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நீ அங்கே காலை பஸ்ஸில் ஏறு, நான் இங்கே ஏறிக்கொள்கிறேன். பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வை. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். நானும் சாப்பிடாமல் வருகிறேன்.

பிச்சை முகம்மது

ராஜபாளையம்
3.7.1996

அன்புள்ள மச்சானுக்கு,

மாத்திரையை நேற்று இரவே ஆரம்பித்துவிட்டேன். குழாய் விட்டுப் பார்த்ததில் தெரிந்த புண் ஆறிவிடும், ஆனால் எரிச்சல் அறவே போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னதில் எனக்குப் பயமில்லை. என்னோடு இருக்கப் போகிறது என்றால் இருக்கட்டும், அதை வைத்துக்கொண்டு வாழத் தெரியும்.

எழுத வந்தது வேறு. "எதுக்கும்மா இந்த ஆபரேஷனைப் போயி பண்ணிக்கிட்டீங்க?" என்று அவர் சத்தமாகக் கேட்டாரே, வாசலில் நின்ற நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மருந்து அடித்ததில் தொண்டை மரத்துப்போய் எனக்குப் பேச்சு வரவில்லை. நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்களோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நடக்க ஏலாம கெடந்தா டாக்டர். இப்ப நடக்கா. செஞ்சது சரிதான். நீங்க எரிச்சலுக்கு மருந்து சொல்லுங்க, போதும்" என்றீர்கள்.

திரும்பி வந்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் நீங்கள் இறங்கினீர்கள். என்னையும் இறங்கு என்று சொல்லியிருந்தால் இறங்கியிருக்க மாட்டேன். நீங்கள் சொல்லவில்லை. பஸ் திரும்புகிற வரைக்கும் கீழேயே நின்றுகொண்டிருந்தீர்கள்.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து நீங்கள் வீட்டுக்கு வரும்போது நான் வீட்டில் இருப்பேன். இனிமேல் சாயங்காலம் கடையைக் கொஞ்சம் சீக்கிரமே அடையுங்கள். பொழுது சாய்ந்ததும் நான் சாப்பிட்டு முடிக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு இரண்டு மூன்று மணி நேரம் படுக்கவே கூடாதாம். அவ்வளவு நேரம் தனியாக யாரோடு பேசிக்கொண்டிருப்பேன்?

உங்கள் அசீனா