ஈயக் காசைக் கடித்த குழந்தை

என்னங்க, உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தைக்குக் கண் மருந்து தவறாமல் விடுகிறீர்களா? நான் இங்கே சௌக்கியம்.

இந்த வருடம் வாங்கிய பழங்காசுகளில் எனக்குப் பிடித்தது எது என்று போனில் கேட்டீர்களே. யானை போட்ட வெள்ளிக் காசு என்றுதான் எழுத இருந்தேன். அதற்குள் ஒரு கூத்து நடந்துவிட்டது. என் அறைத்தோழி, எனக்கு உதவுவதாக நினைத்து, ஈயக் காசு ஒன்றை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேய்த்துவிட்டாள்.

"அழுக்கா இருந்துச்சுக்கா, அதான்" என்றாள். பழங்காசுக்கு மதிப்பே அந்த அழுக்குதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அழுக்கு போன ஓரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தன. நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பால்பல் மாதிரி இருக்கே. ஏதோ குழந்தை கடிச்சிருக்கு."

எந்தக் காலத்துக் குழந்தையோ, யார் கையிலிருந்து பிடுங்கியதோ. இப்போது அதுதான் எனக்குப் பிடித்த காசு.

ஒரு சின்ன வேலை. நம் சின்னவளை ஒரு மெழுகுவர்த்தியைக் கடிக்க வைத்து, பல் தடம் பதிந்த அந்தத் துண்டைத் துணியில் சுற்றித் தபாலில் அனுப்புங்கள். அவளுக்குப் பல் முளைத்ததைப் போனில் பார்த்ததோடு சரி, அளவு தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. மெழுகை மறந்துவிடாதீர்கள்.