இருபத்தேழாம் கட்டத்து மண்

ஜூலை 8, செவ்வாய்

பேய்க்காற்று. ஆமத்தூர் சைட்டில் கண்ணைத் திறக்க முடியவில்லை. டிபன் பாக்ஸுக்குள்ளும் புழுதி.

இன்று: பாட்டில் சோதனை ஆறு. மண்ணை அமுக்கிக் கல் போடும் மிஷினுக்கு எண்ணெய். லாரிக்காரர்களோடு சண்டை ஒன்று (ஜெயித்தேன்).

வாங்க வேண்டியது: கோணிச் சாக்கு பத்து, அகலவாய் பாட்டில் நாலு, மாமிக்கு சர்க்கரை மாத்திரை.

ஒரு குடோனுக்கு அஸ்திவாரம், பக்கத்திலேயே மழைநீர்க் குளம். தோண்டுகிற மண்ணை ஓடைக்கரையில் கொட்டக் கூடாது, மறுபடி கட்டடத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று சென்னை ஆபீஸ் உத்தரவு. அதற்கு ஒரு ஆப். போன மாதம் அதைக் கேலி பண்ணாத நாள் இல்லை. இன்று வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டிலில் கொஞ்சம் மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி வைத்தால் தானாகப் பிரிகிறது. அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி. போட்டோ எடுத்துப் போட்டால் ஆப் சொல்லிவிடுகிறது: இது கல்லுக்கு ஆகும், இது தரை நிரப்ப, இது கரை போட. மேலே கரிசல். ஆறடிக்குக் கீழே சரள் மண், கல்லுக்கென்றே பிறந்தது. பதினைந்து வருஷமாக சைட் சூப்பர்வைசராக இதையெல்லாம் குப்பை என்று கொட்டச் சொன்னவள் நான். உடம்பு சிலிர்த்துவிட்டது. பொய் சொல்லவில்லை.

ட்ரோன் எடுத்த படத்தில் நிலம் முழுக்கக் கட்டம் கட்டமாக நம்பர். எந்தக் கட்டத்து மண் எந்த லாரியில் ஏறியது, எந்த அடுக்குக் கல்லில் போனது, எல்லாம் பதிவு. சலிக்கிற வேலை பார்க்கும் மாரியம்மா (இனி மா.) எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எங்க ரேசன் கார்டுல கூட இம்புட்டு வெவரம் கெடையாது மேடம்.”

ஜூலை 9, புதன்

காற்று அப்படியே. மதியம் ரசம் சாதம், ஆறிப்போய்.

ஆப்பில் பாக்கி இருந்த படிவங்களை முடித்தேன். ‘இந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது?’ பட்டாவில் புஞ்சைத் தரிசு. ‘விவசாயம்’ என்று டிக். ரெண்டு நொடி.

வடகிழக்கு மூலையில் 27ஆம் கட்டம் திறந்தாயிற்று. ஜேசிபி ஓட்டுவது செல்வம், மா.வின் தம்பி. காதில் பாட்டு மாட்டிக்கொண்டுதான் ஓட்டுவான். எத்தனை தடவை திட்டினாலும் உறைக்காது. கை மட்டும் சுத்தம். பக்கெட்டால் தீக்குச்சியைக்கூடப் பொறுக்குவான்.

ஜூலை 10, வியாழன்

27ஆம் கட்டத்துச் சரள், கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து மிஷினில் அமுக்கி இரண்டு அடுக்கு. அருமையான கல். மூலை ஒவ்வொன்றும் கத்தி மாதிரி. போட்டோ எடுத்து இவருக்கு அனுப்பினேன். வத்தல் கமிஷன் கடையில் லோடு இறங்கும் நேரமாம், கட்டைவிரலை மட்டும் அனுப்பினார்.

அதே கட்டத்திலிருந்து ஒரு லோடு, பக்கத்து ஊர் அங்கன்வாடியில் கட்டுகிற புது அறைக்கு. தரை நிரப்ப.

ஜூலை 11, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலை எட்டரை. ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்தால், நேற்றைய கல் இரண்டு அடுக்கும் பொங்கியிருந்தது. இட்லி மாதிரி. மேலே வெடிப்பு, உள்ளே பொடிப்பொடியாக ஓட்டை. மற்றக் கட்டத்துக் கல் எல்லாம் அப்படியே இருந்தது. சிமெண்டைத் திட்டினேன். தண்ணீரைத் திட்டினேன். கலவை போட்டவனையும் விடவில்லை.

மா. ஒரு துண்டை உடைத்து விரலில் தேய்த்தாள். உள்ளங்கையை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தாள். ரேகை எல்லாம் வெள்ளியாக மின்னியது.

கத்தவில்லை. குரல்தான் இறங்கிவிட்டது. “மேடம், இது பட்டாசு மருந்து. அலுமினியம் பவுடரு. தாயில்பட்டியில எட்டு வருசம் இந்தக் கையோடதான் சோறு தின்னேன். மொதல்ல எந்தம்பிய வண்டிய விட்டு எறங்கச் சொல்லுங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலுமினியம் பவுடர் சிமெண்டோடு ஈரத்தில் சேர்ந்தால் வாயு கிளம்பும், கல் பொங்கும். டிப்ளமோவில் படித்தது, பரீட்சையோடு மறந்தது. பவுடர் கிடக்கிற இடத்தில் வேறு என்னென்ன கிடக்குமோ. அங்கே ஜேசிபியின் இரும்புப் பல் சரளை உரசிக்கொண்டிருக்கிறது. ஒரு பொறி போதும்.

ஓடினேன். நாற்பது வயதில் எனக்கு ஓட வரும் என்று இன்றுதான் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காது, காதில் பாட்டு. துப்பட்டாவை அவிழ்த்துச் சுழற்றிக்கொண்டு பக்கெட்டுக்கு முன்னால் போய் நின்றேன். நிறுத்தினான். சிரித்தான்.

“என்ன மேடம், பாம்பா?”

“பக்கெட்டத் தூக்காத. எஞ்சின அமத்திட்டு அப்படியே எறங்கு.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினான். எல்லாரையும் ரோடு வரை விரட்டினேன். தீயணைப்பு நிலையத்துக்கு போன். பிறகு அங்கன்வாடி. லோடு எங்கே கொட்டியது என்று ஆப் புள்ளி வைத்துக் காட்டியது. நல்லவேளை, குவியலாகவே கிடந்தது, இன்னும் பரப்பவில்லை. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கயிறு கட்டச் சொன்னேன்.

இவர் ஜும்மா முடிந்து கூப்பிட்டார். அழுதேன்.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். மழை இல்லை.

நேற்று முழுக்கத் தீயணைப்புக்காரர்கள் தண்ணீர் அடித்து ஊறவிட்டார்கள். இன்று வெடிபொருள் அதிகாரிகளே நின்று, இரும்பு படாமல், மரக் கரண்டியால் வழித்து எடுத்தார்கள். நான் ரோட்டோரத்தில். பொங்கிய கல்லின் அடுக்கு நம்பர், அதிலிருந்து லோடு நம்பர், அதிலிருந்து கட்டம், கட்டத்துக்குள் எந்த இடம் என்பது வரை ஆப் கொடுத்திருந்தது. அந்த இடத்தில்தான் இருந்தது. ஒரு கை வித்தியாசம் இல்லை. மக்கிப்போன பிளாஸ்டிக் மூட்டைகள், கட்டிதட்டிய மருந்து, ஒரு பாதி டிரம். செத்துப்போன மண் என்று நினைத்தது தன் விலாசத்தைத் தானே சொல்கிறது. அல்லாஹ், என்ன உலகத்தில் இருக்கிறோம்.

ஜேசிபி பல்லில் மூட்டைக் கிழிசல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. செல்வம் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போய் வேலியோரம் உட்கார்ந்துகொண்டான்.

டீக்கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: ரொம்ப காலத்துக்கு முன்னால் அங்கே பட்டாசு செய்கிற கொட்டகை, பட்டாசு செட்டு ஒன்று இருந்ததாம். வெடித்து, லைசென்ஸ் போய், கழிவை எல்லாம் புதைத்து மட்டம் தட்டிவிட்டார்களாம். ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்க கேக்கலயே” என்றார்.

வாஸ்தவம். நான் பட்டாவைக் கேட்டேன், ஆளைக் கேட்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம். வெயில்.

ஆபீசுக்கு எழுதிவிட்டேன்: டிக் போட்டது நான், தப்பு என்னுடையது. படிவத்தில் ‘பட்டாசு செட்டு’ என்று ஒரு வரி வேண்டும், இந்தப் பக்கத்தில் அது இல்லாமல் படிவமே இல்லை. சேர்க்கிறோம் என்றார்கள். பழைய செட்டு இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்துக் கொடுக்க முடியுமா என்று என்னையே கேட்டார்கள். யாரைக் கேட்டுக் குறிப்பது?

செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். “நாந்தான் பாட்டுக் கேட்டுக்கிட்டே தோண்டுனேன், விடுங்க மேடம்.” அவனுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று மா. தனியாகச் சொன்னாள். எனக்கும்தான்.

வரைபடம் பற்றி மா.விடம் சொன்னேன். “வியாழக்கெழம காலைல ஏழு மணிக்கு வேன் நிக்கிற எடத்துக்கு வாங்க” என்றாள்.

ஜூலை 17, வியாழன்

காற்று அடங்கியிருந்தது. ஏழுக்கு முன்பே போய்விட்டேன். பட்டாசுக் கம்பெனி வேனுக்குக் காத்து இருபது பெண்கள். தீபாவளி சீசன், ஒருத்தர் பாக்கியில்லை. மா. என் போனை வாங்கி அவர்கள் நடுவில் நீட்டினாள்.

படத்தில் எல்லாம் ஒரே பழுப்பு, சீமைக்கருவேலம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது. ஓடைக்கு மேற்கே, இரட்டைப் பனைக்குப் பின்னால், இந்தா இந்த வளைவில். ஒருத்தி கூட யோசிக்கவில்லை, ஒருத்தியை இன்னொருத்தி மறுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் பதினோரு புள்ளி. பட்டாவில் இல்லை, ட்ரோனுக்குத் தெரியாது, மண்ணே மறைத்துவிட்டது. இவர்கள் டிபன் பாக்ஸோடு சுமந்துகொண்டு தினமும் வேன் ஏறுகிறார்கள்.

இம்புட்டுத் துல்லியமா எப்படி என்று கேட்டுவிட்டேன். மா.தான் சொன்னாள்.

“ஒவ்வொரு எடத்துலயும் வெடிச்சு ஆளு போயிருக்கு மேடம். எப்படி மறக்கும்.”

ஒவ்வொரு புள்ளிக்கும் ஆப் ஒரு பெயர் கேட்கிறது. கட்டம் நம்பர் போட விரல் எடுத்தேன். ஓடைப் புள்ளியைக் காட்டிய பெண் என் கையைப் பிடித்தாள்.

“எங்க அக்கா பேரப் போடுங்க. ராசாத்தி. வயசு இருபத்தொன்னு.”

போட்டேன். அதற்குள் வேன் வந்து ஹாரன் அடித்தது. ஏறிக்கொண்டே ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். வேன் நகர்ந்தது, ஜன்னல் வழியாகச் சொன்னார்கள். கூடவே ஓடிக்கொண்டு டைப் செய்தேன்.

ஒன்பது பெயர் ஏறிவிட்டது. இரண்டு காதில் விழவில்லை.