வண்டிப் பாதையில் நிற்கிறவர்கள்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே மழை. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறும்போது செருப்பு வார் அறுந்தது. கழக்கூட்டம் வரை ஒரு காலை இழுத்துக்கொண்டே. ஆபீஸ் கார்ப்பெட்டில் ஈர நாய் வாசனை. நாய் கிடையாது, கார்ப்பெட்டேதான்.

காலை மீட்டிங். சோதனைக்கு விட்ட எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் புகார்மேல் புகார். ஐந்து ராஜாக்கள், ஆளுக்கொரு முறை, படையை நகர்த்திச் சண்டை. "படை மாசக்கணக்கா நடக்குதே, எங்கே சாப்பிடுது?" என்று யாரோ எழுதியிருக்கிறார். சரியான கேள்வி. இதையே இரண்டு வருடம் முன்னால் நான் கேட்டேன். சிரித்தார்கள்.

இப்போது மேலதிகாரி ஜிதின் (இனி ஜி.) கண்டுபிடித்துவிட்டார்: சப்ளை லைன் வேண்டும். பாலக்காட்டுக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார், பாதி மலையாளமாக. திரையில் படம் போட்டார். நகரத்திலிருந்து படைக்கு ஒரு நீலக்கோடு. எதிரி மேலே நின்றால் கோடு சிவப்பாகும். அவ்வளவுதான்.

"கோட்டுக்குள்ளே என்ன போகுது?"

"சப்ளை."

"என்ன சப்ளை?"

"சப்ளைன்னா சப்ளை, சேச்சி."

விதி எழுதுவது என் வேலை, ஆகவே இதுவும் என் தலையில். மதியம் கேன்டீன் சாம்பாரில் முடி. நீளமானது. யாருடையது என்று யோசித்துக்கொண்டே தயிர்சாதம்.

செய்ய: செருப்பு. தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள். அண்ணனிடம் மூட்டை, வண்டி விவரம்.

ஜூன் 11, புதன்

சாலைக் கடைத்தெரு. ஓடை பொங்கி முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். அழுகின முட்டைக்கோஸ் ஒன்று மிதந்து வந்து காலில் இடித்தது. புதுச் செருப்பு போச்சு.

அண்ணனுக்கு அரிசி மொத்தக் கடை, அப்பா நடத்தியது. கேட்டேன்: இங்கிருந்து நூறு மூட்டை வண்டியில் ஏற்றினால் அங்கே எத்தனை சேரும்?

"நூறும் எப்படிட்டி சேரும்? நனைஞ்சது, ஓட்டையில கொட்டினது, எலி தின்னது. லாரின்னா டிரைவரும் கிளீனரும் திம்பாவ. அந்தக் காலத்துல மாட்டு வண்டி. மாடும் திங்கும், வண்டிக்காரனும் திம்பான். திரும்பி வரதுக்கும் திங்கணும் கேட்டியா?"

திரும்பி வருவது. அதை நான் யோசிக்கவே இல்லை. காலி வண்டிக்கும் பசி உண்டு.

குறித்தது: ஒரு வண்டி, இரண்டு மாடு, இரண்டு ஆள். போக, வர இரண்டுக்கும் தீனி. மழைக்காலத்தில் சேதம் இரட்டை. சேற்றில் பாதி வேகம்.

வீட்டுக்கு வந்து காலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஓடை வாசனை போகவில்லை.

ஜூன் 13, வெள்ளி

திரையில் வண்டிகள் ஓடுகின்றன! நகரத்திலிருந்து ஆறாவது கட்டத்தில் பாதிச் சுமை. பன்னிரண்டாவதில் ஒன்றுமில்லை, கொண்டுபோனவர்களே தின்று தீர்த்தார்கள். ஆகவே எந்த ராஜாவும் பன்னிரண்டு கட்டத்துக்கு மேல் போகமுடியாது, நடுவில் கிடங்கு கட்டாவிட்டால். பார்க்க அழகாக இருந்தது. இந்த மாதத்தில் ஒரே நல்ல சமாசாரம்.

ஜி. பத்து நிமிடம் ஆடினார். கொட்டாவி. "ஆளுகள் போரடிச்சு இறங்கிப் போகும் சேச்சி. பக்கத்து ஊர்லேர்ந்து படை நேரா அரிசி எடுத்துக்கட்டே."

தப்பில்லை. அந்தக் காலத்துப் படைகள் அப்படித்தான் செய்தன. அரை மணியில் எழுதிவிட்டேன். பொத்தானுக்குப் பெயர் மட்டும் தகராறு. நான் போட்டது "பறி". அவர் கேட்டது "சேகரி".

"பிளேயருக்குக் குற்ற உணர்ச்சி வேண்டா. அவன் வேலை விட்டு வந்து ரிலாக்ஸ் பண்றான்."

விட்டுக்கொடுத்தேன். களைப்பு. சாயங்காலத்துக்குள் பொத்தானில் படமும் வந்துவிட்டது: ஒரு பிரம்புக் கூடை, நிறையப் பழம். சகிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஸ்டெல்லா ஆடிப் பார்த்தாள். எங்கள் டெஸ்டர், இருபத்து நாலு வயது, விழிஞ்ஞத்துப் பெண். இந்த ஆபீஸில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. சிப்ஸ் தின்ற விரலை ஜீன்ஸில் துடைத்துத் துடைத்து ஆடுவாள்.

ஒன்பதாவது முறையிலேயே யுத்தம் முடிந்தது. ஒரு வண்டிகூட அனுப்பவில்லை.

"சிம்பிளாணு சேச்சி. எதிரி வர்ற வழியில உள்ள ஊரெல்லாம் நான் முந்தியே சேகரிச்சுத் தீர்த்துட்டேன். அவன் வந்து நிக்கும்போ ஒரு மணி அரிசி இல்ல. சண்டையே வேண்டாம், தானே செத்தான்."

எல்லாரும் கை தட்டினார்கள். ஜி.க்கு உற்சாகம் தாங்கவில்லை. இப்படி ஜெயித்தால் ஒரு பதக்கம் வேண்டுமாம். பெயரும் அவரே: பட்டினிப் புலி. "தமிழ் கரெக்ட் அல்லே?"

கரெக்ட்தான். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன், இது அசிங்கம் என்று. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரூல் சேச்சி எழுதினதுதானே?"

ஆமாம்.

ஜூன் 18, புதன்

தலைவலி என்று லீவு. தலைவலி இல்லை. தொட்டி கழுவ வருகிறேன் என்ற ஆள் வரவில்லை.

ஸ்டெல்லாவின் வழியை உடைக்க ஏதாவது உண்டா என்று வீட்டிலிருந்து ஆடிப் பார்த்தேன். காலை முழுக்கத் தோல்வி. மத்தியானம் நானும் அவள் வழியே போனேன். எட்டே முறையில் ஜெயித்தேன். அவளுக்கு ஒன்பது, எனக்கு எட்டு. மேசையைத் தட்டி "எட்டு!" என்று கத்தினேன். ஸ்ரீவராகத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டின வீடுகள். பக்கத்து வீட்டு மாமி, "என்னடி ஆச்சு நோக்கு?" என்றாள். ஒண்ணுமில்லே மாமி.

பிறகு சும்மா ஒரு ஊரைத் திறந்தேன். ஊர் 14. தானியம் 0. ஆட்கள் 340. அடுத்த முறை: தானியம் 0, ஆட்கள் 340. அடுத்த முறையும் 340.

மற்ற ஊர்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஆட்கள் அப்படியே. சாகவில்லை, போகவில்லை, கேட்கவில்லை. தின்னாமல் நிற்கிறார்கள்.

மாட்டின் பசிக்கு விதி எழுதினேன். வண்டிக்காரன் பசிக்கு, காலி வண்டி திரும்பும் பசிக்கு. இவர்களுக்கு இல்லை. வேண்டுமென்று விட்டதல்ல. ஞாபகமே வரவில்லை.

இரவுக்கு ஒன்றும் செய்யவில்லை. பிஸ்கட்.

ஜூன் 19, வியாழன்

ஆபீஸ் போகும் வழியில் அண்ணன் கடை. அரிசி தீர்ந்துபோன ஊரில் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். விளையாட்டுக்காக என்றும் சொன்னேன்.

"எங்க இருக்கோ அங்க வருவாவ. எல்லாம் அடைச்சுப் போட்டுக் கிடந்த வருசம், லோடு வரல்லியே, அப்ப இந்தா இந்தப் படிகிட்ட வந்து நின்னாவ. சத்தம் ஒண்ணும் கிடையாது. சும்மா நின்னாவ."

"நீ என்ன செஞ்ச?"

"ஷட்டரைப் பாதி இறக்கினேன்."

"அப்புறம்?"

"பின்பக்கமா குடுத்தேன். தெரிஞ்ச ஆளுவளுக்கு."

சாக்கு நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னான். முகத்தில் ஒன்றுமில்லை. அண்ணி டீ கொண்டுவந்தாள். மேலே ஏடு சுருங்கிக் கிடந்தது. குடிக்கவில்லை. அண்ணனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். அந்த வருடம் எனக்கு இரண்டு மூட்டை ஆட்டோவில் வந்தது. நான்தான் இறக்கி வைத்தேன். படியில் யார் நின்றார்கள் என்று கேட்கவில்லை.

ஆபீஸில் சாயங்காலத்துக்குள் எழுதியது: மூன்று முறை தானியமில்லாத ஊரிலிருந்து ஆட்கள் கிளம்புவார்கள். அரிசி இருக்கும் பக்கத்துக் கிடங்குக்கு நடப்பார்கள். பாதை வழியாக. பாதை ஒன்றுதான், வண்டிக்கும் அதே. ஆட்கள் நிற்கும் கட்டத்தில் வண்டி நகராது.

ஜி.யிடம் சொல்லவில்லை. "சின்னத் திருத்தம்" என்று மட்டும் குறித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ஸ்டெல்லாவுக்கும் சொல்லவில்லை. ஆடவிட்டுப் பின்னால் நின்றேன்.

ஐந்தாம் முறை வரை பாட்டு முணுமுணுத்தாள். ஆறில் பாதையில் புள்ளிகள். ஏழில் சேகரிக்க ஊர் மிச்சமில்லை, வண்டிகள் அனுப்பினாள், அவை நின்றன. எட்டில் பாதை முழுக்க ஆட்கள், அவள் காலி செய்த ஊர்க்காரர்கள், அவள் கிடங்கை நோக்கி. பின்னால் அரிசி, முன்னால் படை, நடுவில் இரண்டாயிரம் பேர். படை பட்டினி.

"இது சீட்டிங் ஆணு." சிப்ஸ் பாக்கெட்டைத் தள்ளினாள். ஆட்கள்மேல் கிளிக் செய்தாள், மறுபடி, மறுபடி. ஒரு பொத்தானும் வரவில்லை.

"இவங்களை வழியிலேர்ந்து எப்படி மாத்தறது?"

"மாத்த முடியாது."

"கொல்லலாமா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கை மவுசிலேயே இருந்தது.

ஜி. எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. "ஓ! அது நல்ல ஃபீச்சர்." ஆட்களை அகற்ற ஒரு பொத்தான் என்று போர்டில் எழுதியே விட்டார்.

டீ நேரத்தில் ஸ்டெல்லா என் மேசைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"கடல் கேறி எங்க வீட்டைக் கொண்டுபோன வருஷம், நாங்களும் ரோட்டுல இருந்திருக்கோம் சேச்சி. நானும் அம்மாவும், எல்லாரும். ஒரு லாரிக்காரன் ஹார்ன்ல இருந்து கையை எடுக்கவே இல்ல. அவனை நான் கெட்ட வார்த்தையில எவ்வளவு தெறி விளிச்சேன் தெரியுமா? கேட்டா காது பொத்துவீங்க."

பிறகு, "நான் எப்படிக் கேட்டேன் அதை?" என்றாள். எட்டு என்று நான் கத்தியதைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

ஜி.யின் மெயில். வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், விளையாட்டை வெளியிடப் போகிறவர்கள். அதற்குள் அந்தப் பொத்தான். பெயர் அவர் யோசித்து வைத்திருக்கிறார்: "பாதை ஒழுங்கு".

மீட்டிங்கில் அதைப் போர்டிலும் எழுதினார். எழுந்து போய் அழித்தேன். "கொல்" என்று எழுதினேன். பெரிசாக. எல்லாரும் பார்க்கட்டும், வெட்கப்படட்டும் என்றுதான்.

ஜி. தலையைச் சாய்த்துப் பார்த்தார். "சூப்பர் சேச்சி. இது மதி, இதே போதும். பவர் உண்டு."

வெட்கப்படுத்தப் போய் அவருக்குப் பெயர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். விதியை நான் எழுதமாட்டேன் என்றேன். "ஓ, நோ பிராப்ளம்." பக்கத்து மேசைக்காரர் ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தார். நல்ல மனிதர், மகளுக்கு நாளை பிறந்தநாள், கேக் பற்றிப் பேசிக்கொண்டே எழுதினார்.

ஜூன் 24, செவ்வாய்

ஸ்டெல்லாவிடம் பொத்தானைச் சோதிக்கச் சொன்னார் ஜி.

"எனக்கு வேண்டாம் சார்."

"டெஸ்டருக்கு வேண்டாம்னு ஒண்ணு உண்டோ?"

அவள் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். மதியம் வரை அப்படியே. யாரும் அவள் பக்கம் போகவில்லை, நானும் சேர்த்து. மூன்று மணிக்குத்தான் போய்ப் பக்கத்தில் நாற்காலி போட்டேன். கேக் வந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஆக, பொத்தானை வைத்து யாரும் கடைசி வரை ஆடிப் பார்க்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

மழை நின்று புழுக்கம். மீட்டிங் அறையில் ரூம் ஸ்பிரே, பின்னால் அதே கார்ப்பெட் நாற்றம். பெங்களூர்க்காரர்கள் மூன்று பேர். பெரியவர் ஒரு அம்மாள், காட்டன் புடவை, தமிழ் தெரிந்தவர்.

ஜி. தானே ஆடினார். எட்டாம் முறை பாதை நிறைந்தது. "இனி பாருங்க." கொல். இரண்டாயிரம் புள்ளிகள் ஒரு சத்தத்தோடு போயின. மணிச் சத்தம் வைத்திருக்கிறார்கள். வண்டிகள் ஓடின. விருந்தாளிகளில் ஒருவர் விசிலடித்தார்.

பத்து, பதினொன்று, எதிரி ஓட்டம். பன்னிரண்டில் கிடங்கு பாதி. பதினாலில் காலி. வண்டிகள் வரிசையாக, வெறுமையாக. ஜி. அடுத்த கிடங்கைத் திறந்தார், அதுவும் காலி. பதினாறில் அவர் படை நின்ற இடத்திலேயே சாயத் தொடங்கியது. எதிரியும் எழவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. ஆட்டம் முடியவும் இல்லை.

"சின்ன பக். திங்கள்கிழமைக்குள்ள சரியாகும்," என்று சிரித்து என்னைப் பார்த்தார்.

"பக் இல்லை," என்றேன்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "பின்னே என்ன?"

"விதைக்க ஆளில்லை."

முதல் நாளிலிருந்தே உள்ள விதி, பருவத்துக்கு ஒரு அறுவடை, அதுவும் ஊர் ஆட்களின் எண்ணிக்கைப்படி. யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஜி.யின் கழுத்தில் வியர்வை. எனக்குச் சந்தோஷம், அதை மறைக்கவும் இல்லை.

ஜூன் 30, திங்கள்

ஜி. முகம் கொடுத்துப் பேசவில்லை. மெயில் மட்டும். பெங்களூர் சொல்லிவிட்டதாம்: பொத்தானை எடு, பதக்கத்தையும் எடு. ஆட்கள் பாதையில் இருக்கட்டும். காரணம் ஒரே வரி: பொத்தான் இருந்தால் ஆட்டம் முடிவதில்லை.

ஸ்டெல்லா வந்து என் தோளில் அடித்தாள். "ஜெயிச்சோம் சேச்சி!" ஆமாம் என்றேன்.

பஸ்ஸில் வரும்போது மெயிலை மறுபடி படித்தேன். கொல்வது தப்பு என்று அதில் ஒரு இடத்திலும் இல்லை. அறையில் அன்றைக்கு இருந்தவர்கள் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. விதைக்க ஆளில்லை என்றுதானே சொன்னேன். அதைச் சொன்னால்தான் எடுபடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஸ்டெல்லாவின் அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலி. பையெல்லாம் ஒழுகிவிட்டது. இப்போதே ஆய வேண்டும்.