சந்தியாவின் இடது முட்டி

மே 14, புதன்

கத்திரி வெயில். மிளகாய் ஒரே நாளில் காய்ந்துவிட்டது. லாரித் தண்ணீர் வரவில்லை. மகன் தேசிங்குக்குக் கம்பெனியில் பகல் ஷிப்ட்.

பதினோரு மணிக்குப் பேத்தியின் பி.டி. மாஸ்டர் வந்தார். நீலக் கோடு போட்ட சட்டை, மேல் பட்டன் இல்லை. தேங்குழல் நான்கு, டீ இரண்டு. சனிக்கிழமை பொன்னேரி மைதானத்தில் கபடி செலக்சன். சென்னைக் காலேஜில் இருந்து ஒரு மேடம் வருகிறார்களாம். எடுத்துக்கொண்டால் சந்தியாவுக்குப் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். இல்லையென்றால் கம்பெனியில் லைன் வேலைதான். தேசிங்கு அங்கே அவள் பெயரைக் கொடுத்துவிட்டான்.

"அம்மா, பாப்பாவப் பத்தி மேடத்துக்கு எழுதிக் குடுக்கணும். ஏழாவதுலேர்ந்து ஒரு மேட்ச் விடாம பாத்தது நீங்கதான். சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

மூன்றாவது வரை படித்தவளிடம் வாத்தியார் கேட்டு எழுதுகிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சொன்னது:
- பாட்டு. ஒரே மூச்சில் கபடி பாடிக்கொண்டு எதிரி கோட்டுக்குள் போனால், திரும்பி வரும்வரை குரல் இறங்காது. கண்ணை மூடிக்கொண்டே எனக்குத் தெரியும்.
- கை நீளம். பார்ப்பது ஒருத்தியை, தொடுவது வேறொருத்தியை.
- நாலு பேர் பிடித்தாலும் நடுக்கோட்டுக்கு விரல் நீட்டிவிடுவாள். எட்டாவதில் கவரைப்பேட்டைக்காரிகளை அப்படித்தான் இழுத்து வந்தாள்.
- கோபம் வந்தால் புத்தி போய்விடும். (என் ரத்தம்.)
- இடது கால். பொங்கல் மேட்சில் விழுந்து முட்டியில் அடிபட்டதில் இருந்து அதை ஊன்றித் திரும்புவதில்லை. தெரியாமல் இருக்க அந்தத் தொடையைத் தட்டிக்கொண்டு போவாள். அவளே யாரிடமும் சொல்லவில்லை. நான் பார்த்துக் கண்டுபிடித்தது. "பிடிக்கிறவ அவசரப்படாம குந்திக்கினு இருந்தா அந்தக் காலு தானா வந்து மாட்டும்" என்றும் சொன்னேன்.

கடைசியை ஏன் சொன்னேன். எனக்குக் கண் இருக்கிறது என்று காட்ட.

மே 15, வியாழன்

சந்தியா காலையில் ஓட்டம், மாலையில் ஓட்டம். வேப்பெண்ணெய் தேய்க்கலாம் என்றால் "எதுக்கு ஆயா, ஒண்ணுமில்லையே" என்று காலை இழுத்துக்கொண்டாள். தெரிந்த மாதிரி நானும் காட்டிக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு ரோசம்மா தண்ணீர்க் குடத்தை என் வாசலில் வைத்தாள். காலால் தள்ளினேன். தேசிங்கு கல்யாணத்தில் என் சாம்பாரை வாயில் வைத்து முகம் சுளித்தவள். பத்தொன்பது வருடம். அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. மனம் முறிந்த வீட்டில் குடிக்க மாட்டேன். சந்தியாவுக்கும் சின்ன வயதில் இருந்தே அதைத்தான் சொல்லி வளர்த்தேன்.

மே 17, சனி

பொன்னேரி. ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. தயிர்ச்சாதம், ஊறுகாய், இரண்டு வாழைப்பழம்.

முதல் ரெய்டு, ஒரு புள்ளி. இரண்டாவது, இரண்டு புள்ளி. மேடம் நோட்டில் எழுதினார்கள். பிறகு பி.டி. எழுந்து எதிர் டீம் பக்கம் போய் நின்றார். அந்த டீமின் ஓரத்தில் நிற்கிற பெண் "இன்னா மாமா" என்றது. அவருடைய அக்கா மகளாம். இத்தனை வருடத்தில் எங்களிடம் சொன்னதில்லை. அவளிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது:

"அவசரப்படாத. குந்திக்கினே இரு. இடது காலு தானா வந்து மாட்டும்."

என் வார்த்தை. என் வீட்டுத் தேங்குழலைத் தின்றுகொண்டே எழுதியது.

அதன்பின் ஐந்து ரெய்டு, ஐந்திலும் அதே கணுக்காலில் பிடி. ஐந்தாவதில் சந்தியா எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மேடம் அந்த அக்கா மகளை எடுத்துக்கொண்டார்கள். சந்தியாவிடம், "பாட்டு அருமையா இருக்கும்மா. முட்டிய டாக்டர்கிட்ட காட்டிட்டு அடுத்த வருஷம் வா." அடுத்த வருடம் வரை கம்பெனி யாருக்காகக் காத்திருக்கும்.

திரும்பும் ரயிலில்:

"ஆயா, என் காலு விஷயம் எங்கம்மாவுக்கே தெரியாது. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னேன் என்றேன். கும்மிடிப்பூண்டி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிய முகம் திரும்பவில்லை. தயிர்ச்சாதம் அப்படியே வீட்டுக்கு வந்தது.

மே 18, ஞாயிறு

பி.டி. வீட்டுக்கே போனேன். நாற்காலி போட்டார். நின்றேன்.

"எம் பேத்தி காலை எங்கிட்டயே கேட்டு வாங்கினு போய் வித்துட்டியே, நீ வாத்தியாரா?"

"நான் பொய்யா எழுதிட்டேன்? நீங்க சொன்னதுதானேம்மா. அந்தக் காலோட ஆடினா ஆயுசுக்கும் நொண்டி. ஒரு வகையில நல்லதுதான்னு வெச்சிக்கோங்க."

"உங்கக்கா பொண்ணுக்கு நல்லது."

"வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க."

சொம்பை அவன் கையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் தண்ணீர் குடிக்காத வீடுகளின் பட்டியலில் அவன் பெயரும் ஏறியது: அண்ணி, மேஸ்திரி, ரோசம்மா, பி.டி.

வீட்டில் சந்தியா என் சோற்றைத் தொடவில்லை. சாப்பாட்டை அவளே ஆக்கிக்கொண்டாள். காலில் துணி சுற்றியிருந்தது. இப்போது யாரிடமும் மறைக்கவில்லை.

மே 19, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. லாரி வந்தது, நான்கு குடம்.

தேசிங்கு சொன்னான், நாளைக்குக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், சந்தியாவை எட்டு மணிக்குக் கூட்டிக்கொண்டு போகிறானாம். அவள் தலையாட்டினாள்.

இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். அவள் டம்ளர், அவள் சர்க்கரை அளவு. எதிரில் கொண்டுபோய் வைத்தேன். டீயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து நொண்டிக்கொண்டே வெளியே போனாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ரோசம்மா குரல்.

"இன்னாடி கண்ணு, உங்க ஆயாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடும்."

"ஒரு டீ குடு அத்த."

"குந்து. சூடா இருக்குது, பாத்துக் குடி."

இங்கே டம்ளரில் ஆடை கட்டிவிட்டது. அவளுக்கு ஆடை பிடிக்காது. எடுத்துப் போட்டுவிட்டுத் தட்டால் மூடி வைத்தேன்.