ஹீட்டரை மாற்றிவிட்டேன்

தொண்டாமுத்தூரில் மகள் வீட்டோடு தங்கிவிட்ட உனக்கு,

குளியலறை ஹீட்டரை மாற்றிவிட்டேன். மாப்பிள்ளை சொன்னதற்காக அல்ல.

பழையது என் கைவேலையில் ஓடிய ஹீட்டர். புத்தகம் பார்த்து நானே காயிலை மாற்றினேன், வயரிங் செய்தேன். குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று நீ சொன்ன ஒவ்வொரு முறையும் நானே தொட்டுப் பார்த்தேன். எனக்கு அடிக்கவில்லை.

"ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத் தொட்டா எப்புடீங்க அடிக்கும்? கழட்டிப்போட்டுத் தொடுங்க" என்றாய். உனக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்றேன். மறுநாள் காலை நீ குளியலறையில் விழுந்தாய்; இடுப்பெலும்பு முறிந்தது. வழுக்கி விழுந்ததாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். இன்றும் அப்படித்தான் சொல்கிறேன்.

போன வாரம் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயைத் தொட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அன்றே காந்திபுரம் போய்ப் புதியது வாங்கிவந்தேன்.

இதைப் போனில் சொன்னால் நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

"நான் அத்தன தடவ சொன்னது பத்தலீங்களா? உங்களுக்கு அடிச்சாத்தான் நெசமுங்களா?" என்று கேட்டாய். "புது ஹீட்டர நீங்களே வெச்சுக்குங்க. நான் வரலீங்க."

நீ வரமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

புதியதில் தண்ணீர் சீக்கிரமே காய்கிறது. இந்த மார்கழிக் குளிரிலும் நான் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மகளின் தகப்பன்