தொட்டிக்குள் போகிற கை

ஏனுங்க, அந்தத் தொட்டியை விட்டு இப்படி வந்து உட்காருங்க. ஒரு கதை எழுதி வைத்திருக்கிறேன்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற லாசருக்கு மகன் ஒரு கடல்மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து அவர் வாயில் வந்த ‘கண்ணு’ எல்லாம் அதிலிருந்த ஆரஞ்சு மீனுக்குத்தான். மனைவி அற்புதம் அவருடைய முழங்கை வலிக்குத் தைலம் எடுத்து வந்தால், “தொடாத புள்ள, தைலக் கை உள்ள போனா பவளம் செத்துப்போயிரும்” என்பார். முப்பது வருஷமாக அவள் தேய்த்துவிட்ட கை! வயிறு எரியாதா அவளுக்கு? போதாததற்கு அவளுடைய அடுப்பு இடுக்கியையும் உப்புத் தண்ணீரில் விட்டுத் துருவேற்றினார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

நேற்று அவள் தொட்டியின் ஆழத்தை முந்தானையில் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு ஒண்டிக்கடை பஜாருக்குப் போனாள். இரும்பு வேண்டாமென்றாள். மூங்கிலில் வார்னிஷ் பூசியிருந்தது. அதுவும் மீனுக்கு ஆகாதென்றாள். கடைசியில் பைப் கடைக்காரர் பிளாஸ்டிக் பைப்பைச் சூடுகாட்டித் தட்டி, நடுவில் மடக்கி, ஆணி கம்பி இல்லாமல் நீள இடுக்கி செய்து கொடுத்தார்.

“மீன் மேல நொம்பப் பாசமுங்களா அம்மா?”

“மீன் கெடக்குதுங்க. எனக்கு அந்தக் கை வேணும்.”

இடுக்கி அரிசிப் பானை மேல் இருக்கிறது. சோப்புப் போடாதீங்க. கை நனையாமலே அடிவரைக்கும் எட்டும்.

களி சட்டியில் இருக்கிறது. அற்புதம் கோயில் கூட்டம் முடிந்து நாலு மணி பஸ்ஸில் வருவாள். தைலத்தை எடுத்து வையுங்க.

மறந்துவிட்டேன், மீனுக்குத் தீனி போட்டாயிற்று. அந்த ஊட்டில் இருக்கிற எல்லாரையும், ஆரஞ்சு நிறத்தாளையும் சேர்த்தே, ஆண்டவர் சுகமாக வைக்கட்டும்.